வலாந்த்ரோ (சிவப்பு ஒயின்)

வலாந்த்ரோ என்பது பிரான்சின் போர்தோ பகுதியிலுள்ள சான்தெமிலியோன் வட்டாரத்தில் செய்யப்படும் சிவப்பு ஒயின் ஆகும். வங்கி ஊழியராக இருந்து ஒயின் வணிகரான ழான் லுக் துனெவான், தம் மனைவி முரியேல் ஆந்த்ரோவுடன் இணைந்து 1989-இல் அங்கே 0.6 ஹெக்டேர், அதாவது ஏறத்தாழ ஒன்றரை ஏக்கர் திராட்சைத் தோட்டம் வாங்கினார். முதல் ஒயின் 1991 அறுவடையில் வந்தது. கிடைத்தவை 1,280 புட்டிகளே. பெரிய மாளிகையும் நிலவறையும் இல்லாமல் சிறிய இடத்தில் செய்யப்பட்டதால், இதையும் இதைப் பின்பற்றியவற்றையும் 'கராஜ் ஒயின்' என்று அழைத்தனர்.

அடர்த்தி உண்டாகும் முறை

கொடியிலுள்ள குலைகளில் ஒரு பகுதி காயாக இருக்கும்போதே வெட்டி எறியப்படும். எஞ்சியவை நன்கு பழுத்த பின்பே பறிக்கப்பட்டு, காம்பும் கெட்ட பழமும் கையால் நீக்கப்படும். நிறமும் துவர்ப்பும் பெரும்பாலும் தோலில் இருப்பதால் சாறு தோலுடன் ஊற வைக்கப்படுகிறது. பிறகு புதிய ஓக் மரப் பீப்பாய்களில் முதிர்கிறது.

சுவை

இதில் மெர்லோ வகைத் திராட்சையே மிகுதி. இளம் ஒயின் கருஞ்சிவப்பாக இருக்கும். கரும் பிளம் பழத்தின் மணத்தோடு, பீப்பாய் தந்த வனிலா, வறுத்த காப்பிக்கொட்டை மணங்களும் எழும். முதல் மிடறே வாயை நிறைக்கும். துவர்ப்பு உறுத்தாமல் நெடுநேரம் நிற்கும்.

மதிப்பீடு

அமெரிக்க விமர்சகர் ராபர்ட் பார்க்கர் இதைப் பாராட்டினார், விலையும் உயர்ந்தது. 'இதில் தெரிவது செய்முறை; மண்ணின் குணம் எங்கே?' என்பது எதிர்த்தரப்பின் கேள்வி. அக்கேள்வியில் நியாயம் உண்டு. பல ஒயின்களை அடுத்தடுத்துச் சுவைத்துப் புள்ளியிடும்போது அடர்த்தியானதே முந்தி நிற்கும். உணவோடு அருந்தும்போது அதே அடர்த்தி விரைவில் திகட்டலாம். முதல் மிடறு வியப்பைத் தரும். இரண்டாம் கோப்பையை நாடச் செய்வதே நல்ல ஒயினுக்கு அடையாளம்.

ஆயினும் இதை வெறும் வித்தை என்று ஒதுக்க இயலாது. பரம்பரைப் பெயரும் புகழ்பெற்ற நிலமும் இல்லாதவரும் கடும் உழைப்பால் உயர்ந்த ஒயினைச் செய்யலாம் என்பதை இது காட்டியது. 2012-இல் சான்தெமிலியோன் தரவரிசையில் வலாந்த்ரோ முதல்நிலைத் தோட்டங்களுள் ஒன்றாக ஏற்கப்பட்டது. ஆனால் அதற்குள் துனெவான் சான்தெத்தியென் தெ லீஸ் பகுதியில் சுண்ணாம்புக் களிமண் நிலங்களையும் சேர்த்திருந்தார். பெயரைத் தேடித் தந்தது உழைப்பு. அதை நிலைநிறுத்த நல்ல மண்ணும் வேண்டியிருந்தது.