தங்மார்க் வீட்டுக் கணப்பு

காஷ்மீரின் குல்மார்க் பற்றி எழுதுகிறவர்கள் கோண்டோலா என்ற கம்பிவட வண்டியில்தான் தொடங்குவார்கள். 2,650 மீட்டர் உயரத்துப் புல்வெளியில் ஏறி உட்கார்ந்தால், கொங்டூரியில் ஒரு முறை மாறி, அஃபர்வத் மலையில் ஏறக்குறைய 3,950 மீட்டர் வரை கொண்டுபோய் விடும். முதல் கட்டம் 1998இல் திறந்தது, இரண்டாவது 2005இல். அந்த உச்சியிலிருந்து சறுக்கி இறங்கவென்றே வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் உண்டு. பனியையே முதல்முறை பார்க்கும் குடும்பத்துக்கு அதெல்லாம் எதற்கு? கீழே விரிந்து கிடக்கும் சின்னச் சரிவு போதும். தங்குவதற்குத்தான் நல்ல இடம் வேண்டும். எங்களுக்கு அது தங்மார்க்கில், ஒரு குடும்பத்தார் வாழும் வீட்டிலேயே கிடைத்தது. குல்மார்க்குக்கு 13 கிலோமீட்டர் கீழே இருக்கும் ஊர் இது. பனி விழுந்துவிட்டால் வண்டிச் சக்கரங்களுக்குச் சங்கிலி பூட்டிக்கொண்டு இங்கிருந்துதான் மேலே ஏற வேண்டும்.

தாராளமாக உபசரிக்கிறவர்களை எங்கும் பார்க்கலாம். இந்த வீட்டாரின் உபசாரத்தில் இருந்தது நுணுக்கம். குளிர் எந்த நேரத்தில் உடம்பின் எந்த இடத்தைப் பிடிக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். நமக்குத் தெரிவதற்குள் அங்கே சூட்டைக் கொண்டுவந்து வைத்துவிடுவார்கள்.

காங்ரியையே எடுத்துக்கொள்ளுங்கள். பிரம்பு போன்ற மெல்லிய குச்சிகளால் பின்னிய கூடை, உள்ளே மண்சட்டி, சட்டியில் கரி நெருப்பு. முழங்கால் வரை தொங்கும் ஃபெரன் அங்கிக்குள் இதை வைத்துக்கொண்டுதான் காஷ்மீரிகள் குளிர்காலத்தைக் கடத்துகிறார்கள். வீட்டுக்கார அம்மாள் அதை எங்கள் கையில் கொடுத்த பக்குவத்தைச் சொல்ல வேண்டும். கரியை வெளியிலேயே பற்றவைத்து, புகை அடங்கும் வரை காத்திருந்து, மேலே சாம்பலைப் பூப்போலத் தூவி, சூடு சீராக வந்த பிறகே உள்ளே கொண்டுவருவார். ஓரத்தில் கட்டியிருக்கும் சின்னக் கரண்டியால் சாம்பலை எப்படி விலக்குவது என்று என் மகளுக்கு ஒரு தரம் செய்து காட்டினார். படுக்கப்போகும் நேரத்தில், கேட்காமலே வந்து காங்ரியைத் திரும்ப வாங்கிக்கொண்டார். மூடிய அறையில் கரி நெருப்போடு தூங்கக்கூடாது. கொடுக்கும்போது இருந்த கவனத்தைவிட வாங்கிக்கொள்ளும்போது இருந்த கவனம் பெரிது.

அந்த வீட்டில் ஹமாம் இருந்தது. கல் பாவிய தரைக்கு அடியில் விறகு எரியும். அறை முழுக்க இளஞ்சூடு. குடும்பமே இரவில் அங்கேதான் கூடும். நாங்கள் வாடகைக்கு எடுத்த சறுக்குக் காலணிகளையும் அங்கேதான் வைத்தார்கள். கெட்டிப் பிளாஸ்டிக்கில் செய்த அந்தக் காலணி இரவில் குளிர்ந்துவிட்டால் காலையில் வாயைத் திறக்காது. வீட்டுக்காரர் கொக்கிகளைக் கழற்றி, நாக்கை முன்னால் இழுத்துவிட்டு, சுவரோரமாக வரிசையாக நிறுத்திவைத்திருந்தார். காலையில் கால் வழுக்கிக்கொண்டு உள்ளே போயிற்று. வரிசையில் முதலாவதாக நின்றது என் மகளின் காலணி.

சறுக்கக் கற்றுக்கொடுத்தவர் அந்த வீட்டுக்கு உறவுக்காரப் பையன். சிறுவயதில் மரப்பலகையைக் காலில் கட்டிக்கொண்டு பழகியவராம். பலகைகளின் முன்நுனிகளை நெருக்கி, பின்புறத்தை அகட்டி வைத்தால் வேகம் குறையும். இதுதான் முதல் பாடம். பீட்சாத் துண்டு மாதிரி காலை வை என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறார்கள். என் மகளுக்கு எதிரே நின்று, அவள் பலகை நுனிகளைக் கையில் பிடித்தபடி, தான் பின்பக்கமாகவே சரிவில் இறங்கினார். பாதி தூரத்தில் கையை எடுத்துவிட்டார். முகத்தை மட்டும் திருப்பவில்லை. அவரையே பார்த்துக்கொண்டு வந்தவளுக்குத் தனியாகச் சறுக்குகிறோம் என்பது நின்ற பிறகுதான் தெரிந்தது.

சாப்பாட்டு நேரத்தில் விருந்தாளி கை கழுவ எழுந்து போகவேண்டியதில்லை. தஷ்த் நாரி என்ற செம்புக் கெண்டியும் ஏந்து பாத்திரமும் உட்கார்ந்த இடத்துக்கே வரும். வெந்நீரை ஊற்றுகிறவர் முதலில் வயதில் பெரியவரிடம் போவார். என் அம்மா முதல் நாள் கூச்சப்பட்டார். மறுநாள் தானாகவே கையை நீட்டினார். அம்மா சைவம். நாங்கள் வந்ததும் வீட்டுக்கார அம்மாள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: பூண்டு சேர்ப்பீர்களா? அதன் பிறகு அம்மாவுக்கென்று தனிச் சட்டியில் ஹாக் கீரை வெந்தது, நூக்கலை அதன் கீரையோடு சேர்த்துச் சமைத்தது ஒரு நாள், தயிரில் தாமரைத் தண்டு ஒரு நாள். இரு வேளையும் சோறு. காஷ்மீரிகளும் நம்மைப் போலச் சோற்றுக்காரர்கள் என்பதில் அம்மாவுக்கு ஏற்பட்ட நிம்மதி கொஞ்சமல்ல.

விடியற்காலையில் ரொட்டிக் கடையிலிருந்து கிர்தா வரும். சுட்டவர் மாவில் அழுத்திய விரல்தடங்கள் வரிசையாக அதன்மேல் தெரியும். தொட்டுக்கொள்ள நூன் சாய். பச்சைத் தேயிலையைச் சோடா உப்போடு நெடுநேரம் கொதிக்கவிட்டு, பால் சேர்த்து, ரோஜா நிறம் வந்ததும் உப்புப் போட்டுத் தருகிறார்கள். நிறத்தை நம்பி இனிப்பை எதிர்பார்த்த மகள் முகம் சுளித்தாள். யாரும் சிரிக்கவில்லை. அடுத்த காலை அவள் இடத்தில் மட்டும் ஏலக்காயும் குங்குமப்பூவும் மணக்கும் இனிப்புக் காவா தேநீர் இருந்தது, பாதாம் சீவல் கொஞ்சம் கூடுதலாக.

இப்படி நடந்துகொள்கிறவர்களின் பிழைப்பு வானத்தின் கையில் இருக்கிறது. 2024 ஜனவரியில் மாதக் கடைசி வரை குல்மார்க்கில் ஏறக்குறையப் பனியே இல்லை. 2025இல் கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளை பிப்ரவரியிலிருந்து மார்ச்சுக்குத் தள்ளிவைக்க வேண்டியதாயிற்று. பனி பொய்த்தால் சறுக்கக் கற்றுக்கொடுப்பவருக்கும், ஸ்லெட்ஜ் இழுப்பவருக்கும், அறை கொடுத்த வீட்டாருக்கும் அந்த ஆண்டின் வருமானமே போய்விடும்.

ஆகவே, போக நினைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிப்ரவரிக்கு அறை சொல்லி வைத்துவிட்டு, பனி இல்லை என்று செய்தி வந்தால் ரத்து செய்துவிடாதீர்கள். சறுக்கத்தான் பனி வேண்டும். அந்த வீட்டில் தங்குவதற்கு வேண்டாம்.