காண்பன, அறிவன: ரிக்கார்டு நோட்டு என்னும் பிரதி

நாவலையும் கவிதையையும் கட்டுடைத்துப் பார்க்கிற நாம் பள்ளிக்கூடத்து ரிக்கார்டு நோட்டை ஒரு பிரதியாக வாசிப்பதில்லை. வாசித்துப் பார்க்கலாம். நோக்கம், தேவையான பொருள்கள், செய்முறை, காண்பன, அறிவன என்று தலைப்புகள். வாக்கியங்கள் எல்லாம் செயப்பாட்டுவினை: 'எடுத்துக்கொள்ளப்பட்டது', 'சேர்க்கப்பட்டது', 'நிறம் மாறுவது காணப்பட்டது'. எடுத்தது யார், பார்த்தது யார் என்று கேட்டால் பிரதிக்குள் ஆளே கிடையாது. இதைவிட முக்கியம், 'காண்பன' பகுதி காண்பதற்கு முன்பே எழுதப்பட்டுவிடுகிறது என்பது. போன வருஷத்து அண்ணன் நோட்டு இருக்கிறது, கைடு இருக்கிறது. சோதனைக்குழாயில் வேறு நிறம் வந்தால் குழாய்தான் தப்பு, நோட்டு தப்பாகாது. 2018இல் வந்த புதிய பாடநூல்களில் க்யூஆர் குறியீடு வைத்தார்கள். சோதனையைச் செல்போனில் பார்க்கலாம். அதிலும் நிறம் சரியாகத்தான் மாறும்.

மணிமேகலை வஞ்சியில் சமயவாதிகளைச் சந்திக்கும்போது அளவைவாதி பத்து அளவைகளைப் பட்டியலிடுகிறான். காண்டல், கருதல், உவமம் என்று போகிற அந்த வரிசையில் ஆகமமும் ஒன்று. அவள் காஞ்சிக்கு வந்தபிறகு அறவண அடிகள் அளவை இரண்டேதான் என்கிறார்: காட்சி, கருத்து. நூல் சொன்னதால் உண்மை என்பது தனி அளவையாக நிற்காது. இதை வைத்துக்கொண்டு 'விஞ்ஞானம் எல்லாம் அப்பவே நம்மகிட்ட இருந்தது' என்று கிளம்புகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. வாதத்தில் ஜெயிப்பது வேறு, ஒரு பொருளை மாற்றிப்பார்த்துச் சோதிப்பது வேறு. ஆனால் நம் வகுப்பறை அந்தப் பழைய காஞ்சி அளவுக்குக்கூட வரவில்லை. அங்கே நடப்பது ஆகம அளவை. பாடநூல்தான் ஆகமம்.

பகுத்தறிவாளர்களான நாமும் இதிலிருந்து தப்பிவிடவில்லை. 1995 செப்டம்பர் 21 அன்று நாடெங்கும் பிள்ளையார் பால் குடித்தார். கரண்டியிலிருந்து பால் குறைந்ததை ஆயிரக்கணக்கானவர்கள் கண்ணால் கண்டார்கள். அவர்கள் கண்டது பொய்யில்லை, பால் குறையத்தான் செய்தது. 'பால் எங்கே போச்சு' என்ற அடுத்த கேள்விதான் விடுபட்டுப்போனது. தில்லியில் அரசு விஞ்ஞானிகள் பாலில் நிறம் கலந்து கொடுத்துப் பார்த்தார்கள். நிறம் சிலைமேல் மெல்லிய படலமாக வழிந்து இறங்கியது தெரிந்தது. அறிவியல் முறை என்பது அந்த ஒரு சொட்டு நிறம்தான். நம் தரப்பில் பலர் அதைச் செய்து காட்டாமல் 'மேற்பரப்பு இழுவிசை' என்ற சொல்லை மட்டும் வீசினார்கள். புரியாத சொல்லை நம்பச் சொல்வது அர்ச்சகர் வேலை. அதை நாம் வாங்கிச் செய்ய வேண்டியதில்லை.

தண்ணீரில் நிறம் கலந்தால் என்ன ஆகும் என்பதைக் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துக் குழந்தைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நெசவுக்காரர்களும் சாயத்தொழிலும் சேர்ந்த இடம் அது. அந்த ஊரில் தலைமுறைகளாக ஒரு கூற்று உலவுகிறது: காஞ்சிப் பட்டின் பளபளப்புக்கு இந்த ஊர்த் தண்ணீர்தான் காரணம். விற்கிறவர், வாங்குகிறவர், பத்திரிகைக்காரர் எல்லோரும் சொல்கிறார்கள். இதை ஏன் வகுப்பறைக்குள் கொண்டுவரக்கூடாது?

முதலில், எந்தத் தண்ணீர்? பாலாற்றுத் தண்ணீரா, ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரா? கேள்வி கூர்மையாகும்போதே பாதிப் பாடம் முடிந்துவிடுகிறது. பிறகு ஒரே சிட்டம் பட்டை இரண்டாகப் பிரிக்கவேண்டும். ஒரே சாயம், ஒரே அளவு, ஒரே சூடு, ஒரே நேரம். தண்ணீர் மட்டும் வேறு. இரண்டையும் நிழலில் உலர்த்தி, 1, 2 என்று சீட்டுக் கட்டி, எது எந்தத் தண்ணீர் என்று தெரியாத நாலு பேரிடம் காட்டி 'எது பளபளப்பு' என்று கேட்கவேண்டும். மறுபடியும் செய்யவேண்டும். கூற்று வெற்றுப்பேச்சு என்று முன்கூட்டியே ஒதுக்கவும் முடியாது. கடினநீரில் உள்ள கால்சியம் சோப்போடு சேர்ந்தால் கரையாத கசடாகி நூலில் ஒட்டும், சாயம் திட்டுத்திட்டாகப் பிடிக்கும். ஆகவே தண்ணீருக்கு வேலை உண்டு. இந்த ஊர்த் தண்ணீருக்கென்று தனி வேலை உண்டா என்பதுதான் கேள்வி. இங்கே விடை வாத்தியாருக்கும் தெரியாது. 'காண்பன' பகுதியை முன்கூட்டியே எழுத முடியாத சோதனை இது.

'குழந்தைக்குத் தறியே பள்ளிக்கூடம்' என்று உருகுகிறவர்களிடம் எச்சரிக்கையாக இருக்கவேண்டும். கோர்வைத் தறியில் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து கரைக்கு நாடா தள்ளியது பெரும்பாலும் குழந்தைகள்தான். பட்டுத்தொழிலின் கொத்தடிமைக் குழந்தைகளைப் பற்றி 2003இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இருந்தது. அந்தக் குழந்தை நிறைய கவனித்திருக்கும்: எந்த இழை அறும், மழைநாளில் பாவு எப்படித் தளரும் என்றெல்லாம். ஆனால் கேள்வி கேட்க அதற்கு உரிமை இல்லை. கேள்வி இல்லாத கவனிப்பு வெறும் உழைப்பு. தறியில் கவனிப்பு இருந்தது, கேள்வி இல்லை. பள்ளியில் கேள்வி வினாத்தாளாக இருக்கிறது, கவனிப்பு இல்லை. இரண்டையும் ஒரே கையில் சேர்ப்பதுதான் அறிவியல் கல்வி.

சேர்த்தால் என்ன ஆகும்? எடையை எடுத்துக்கொள்வோம். கச்சாப் பட்டின் பசையைச் சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்கவைத்து நீக்கினால் 100 கிராம் ஏறக்குறைய 75 முதல் 80 கிராம் ஆகிவிடும். பட்டு ஈரத்தையும் உறிஞ்சும். உலர்ந்த எடையோடு 11 சதவீதம் ஈரம் சேர்த்துக் கணக்கிடுவது சர்வதேச வணிக வழக்கம். ஒரே சிட்டத்தைத் தினமும் காலையில் நிறுத்து எழுதுகிற பிள்ளைக்கு, ஐப்பசி எடையும் பங்குனி எடையும் ஒன்றில்லை என்பது தெரியவரும். முதலாளி பட்டை நிறுத்துக் கொடுக்கிறார், சேலையை நிறுத்து வாங்குகிறார். குறைந்தால் கூலியில் கை வைக்கலாம். 'எந்த மாசம் நிறுத்தீங்க, எந்தத் தராசுல?' என்று கேட்கிற பிள்ளை வீட்டில் உருவாகிவிட்டால் அது வெறும் பௌதிகப் பாடமாக நிற்காது. அளவு என்பது அதிகாரத்தின் மொழி. அதை நெசவாளி வீட்டுப் பிள்ளை பேசக் கற்றுக்கொள்வதில்தான் விஷயம் இருக்கிறது.

'அறிவியல் முறை என்று ஒன்று கிடையாது, ஃபெயராபெண்ட் 1975லேயே சொல்லிவிட்டார்' என்று கோட்பாட்டு நண்பர்கள் குறுக்கிடுவார்கள். ஒரே விதி எல்லாக் காலத்துக்கும் பொருந்தாது என்பது சரிதான். ரிக்கார்டு நோட்டின் ஐந்து தலைப்பை உடைக்க அவர் உதவுவார். ஆனால் தராசையே கையில் வாங்காதவனிடம் போய் தராசு ஒரு சொல்லாடல் என்பது வசதிப்பட்டவர் பேச்சு.

இதெல்லாம் கனவும் இல்லை. 1972இல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் கிஷோர் பாரதியும் ரசூலியா நண்பர்கள் மையமும் 16 நடுநிலைப்பள்ளிகளில் தொடங்கினார்கள். 1978இல் மாவட்டம் முழுக்கப் பரவியது. 1982இலிருந்து ஏகலவ்யா நடத்தியது. பிள்ளைகள் வயலிலும் ஓடையிலும் பார்த்து எழுதினார்கள். தேர்வறைக்குப் புத்தகத்தைக் கொண்டுபோகலாம், செய்முறைக்கும் மதிப்பெண் உண்டு. முப்பது வருஷம் அரசுப் பள்ளியில் ஓடிய அந்தத் திட்டத்தை 2002இல் அரசே நிறுத்தியது. இங்கே துளிர் 1987இலிருந்து வருகிறது. 1993இல் தொடங்கிய குழந்தைகள் அறிவியல் மாநாட்டில் பிள்ளைகள் தங்கள் ஊர்ப் பிரச்சினையையே ஆய்வு செய்கிறார்கள். ஆனால் மாநாட்டுக்குப் போகிறவர்கள் வகுப்புக்கு இரண்டு மூன்று பேர். மற்றவர்கள் ரிக்கார்டு நோட்டுக்கே திரும்புகிறார்கள்.

ஹோஷங்காபாத் காட்டியது இது: தேர்வை மாற்றாமல் சோதனையை மட்டும் மாற்ற முடியாது. இன்றைய பள்ளியில் எதிர்பார்த்த விடை வராத பிள்ளைக்கு மதிப்பெண் குறையும், ஆகவே பிள்ளை பொய் எழுதும். அறிவியல் பாடத்தில் நாம் முதலில் கற்றுத்தருவது இந்தப் பொய்யைத்தான். 'எனக்கு இப்படி வந்தது, ஏன்னு தெரியலை' என்று தன்மை ஒருமையில் எழுதிய நோட்டுக்கு முழு மதிப்பெண் போடுகிற ஏற்பாடு வேண்டும். ஆசிரியர் இயக்கங்கள் சம்பளத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் போராடுவது நியாயம். இந்தக் கோரிக்கையும் அந்தப் பட்டியலில் ஏறட்டும்.