முந்திப் படிக்கும் நேர்மை

பல செயலிகள் ஒரே நினைவகத்தைப் பகிர்ந்தாலும், ஒவ்வொன்றின் எழுத்தும் படிப்பும் அதன் நிரல் வரிசை குலையாமல் தெரிய வேண்டும் என்று 1979-இல் லெஸ்லி லாம்போர்ட் வரையறுத்தார். அதற்காகச் செயலி ஒவ்வொரு படியிலும் காத்துக் கிடக்க வேண்டுமா?

1991-இல் ஸ்டான்ஃபோர்டின் கராச்சோர்லூ, குப்தா, ஹென்னசி மூவரும் காட்டிய வழியில் மனம் லயித்துப்போகிறேன். முறை வருமுன்பே மதிப்பைப் படித்து வேலையைத் தொடங்கிவிடு. ஆனால் அந்த மதிப்பு வந்து தங்கிய கேஷ் வரியின் (செயலியின் அருகிலுள்ள சிறு நினைவகத்தின் ஒரு துண்டு) மேல் ஒரு கண் இருக்கட்டும். இடையில் வேறொரு செயலி அங்கே எழுதினால், ‘இந்த வரி இனிச் செல்லாது’ என்று செய்தி வரும். உடனே செய்ததைக் கைவிட்டு மறுபடி படி.

பெரும்பாலும் யாரும் குறுக்கே எழுதுவதில்லை, காத்திருக்கும் நேரம் மிச்சம். துணிவும் நேர்மையும் சேர்ந்த இந்த உத்தி இன்றைய இன்டெல் செயலிகளிலும் இயங்குகிறது.