சாதகம் கேட்கும் செவி

கச்சேரியை ரசிக்கத் தெரிந்தவர்கள் நம்மிடையே அநேகர் உண்டு. மூடிய கதவுக்குப் பின்னே ஒரு வித்தியார்த்தி செய்யும் சாதகத்தைக் கேட்டு ரசிக்கத் தெரிந்தவர்களோ அபூர்வம். கால்பந்தில் மோகம் மிகுந்த இந்தப் பெங்களூர் ஆஸ்டின் டவுனில், சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் வாழ்கிற நம் தமிழ்க் குடும்பங்களுக்கு அந்தப் பாக்கியம் கேளாமலே வாய்க்கிறது. பிடில் பழகும் குழந்தை எந்த வீட்டில் இருந்தாலும் அதன் ஸரளி வரிசை நாலு வீட்டுக்குச் சொந்தம்.

அவ்வாறு கேட்டுப் பழகிய செவிக்கு, சாதகத்தில் இரண்டு ஜாதி உண்டென்பது சீக்கிரமே புலப்படும். ஒன்று கடிகாரத்துக்காகச் செய்வது: வர்ணம் தொடக்கம் முதல் முடிவு வரை ஓடும், பிசகுகிற இடத்தில் பிசகும், மறுநாளும் அதே இடத்தில் அதே பிசகு. மற்றது செவிக்காகச் செய்வது: பிசகிய இடத்தில் வில் நின்றுவிடும், நாலே ஸ்வரங்கள் தனியே பிரிந்து, விளம்பத்தில், சுருதியோடு ஒட்டி ஒட்டி, திரும்பத் திரும்ப வரும். இந்த இரண்டாம் ஜாதிக்கு உற்சாகத்தை வெளியிலிருந்து ஊட்டவேண்டியதில்லை. வாத்தியமே அதை ஊட்டிவிடுகிறது. மந்தர பஞ்சமத் தந்தியில் விரல் வைத்து மத்திய ஷட்ஜத்தைப் பிடிக்கும்போது, ஸ்தானம் இம்மியளவும் விலகாமல் சேர்ந்ததானால், பக்கத்தில் எவரும் தீண்டாதிருக்கும் ஷட்ஜத் தந்தி தானாகவே அதிர்ந்து கூடப் பேசும். அந்த ஆமோதிப்பை ஒரு தரம் அனுபவித்த குழந்தை, யாரும் அதட்டாமலே மறுநாள் பெட்டியைத் திறக்கும். மனம் சலித்த நாட்களில்கூட, வர்ணத்தையும் கீர்த்தனத்தையும் ஒதுக்கிவிட்டு, அடிமுதல் நுனிவரை நீள வில் போட்டு ஷட்ஜத்தில் கார்வை கொடுத்துக்கொண்டிருந்தாலே போதும். அன்றைய சாதகம் வீணன்று.

இந்த ஊருக்கும் பிடிலுக்கும் உள்ள சம்பந்தமும் அற்பமானதன்று. 1893-இல் துவாரம் வெங்கடசாமி நாயுடு பிறந்தது பெங்களூரிலேதான். வளர்ந்து புகழெய்தியதெல்லாம் ஆந்திர தேசத்தில். மைசூர் சௌடய்யாவோ, ஒலிபெருக்கி இல்லாத காலத்துச் சபைகளில் தம் நாதம் கடைசி வரிசையை எட்டவில்லையே என்ற குறையால் உந்தப்பட்டு, நாலு தந்தியோடு மேலும் மூன்றைக் கூட்டி ஏழாக்கிக்கொண்டார். ஏழையும் சுருதி கூட்டி, கூட்டிய சுருதி கலையாமல் வாசிப்பதென்றால் எத்தனை பொறுமை வேண்டும்! அவர் நினைவாக மல்லேஸ்வரத்தில் பிடில் வடிவிலேயே எழுப்பிய மண்டபம் 1980 முதல் நிற்கிறது. என் மனத்துக்கு என்னவோ அந்த ஏழு தந்தி முழக்கத்தைவிட, துவாரத்தின் நீண்டு இழையும் வில்லே உகந்தது. அது ருசி பேதம். தம் நாதத்தைத் தாமே கூர்ந்து கேட்டு அதிருப்தியுற்ற செவி இருவருக்குமே இருந்தது என்பதில் பேதமில்லை.

ஆகையால் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. “எவ்வளவு நேரம் வாசித்தாய்?” என்று கேட்பதை விட்டு, “இன்று எந்த ஸங்கதி சுத்தமாயிற்று, வாசி பார்க்கலாம்” என்று கேளுங்கள். பக்கத்து வீட்டாருக்கும் ஒரு விண்ணப்பம்: ஸரளி வரிசை காதில் விழும் வேளையில் தொலைக்காட்சியின் சத்தத்தைச் சற்றே குறைத்து வையுங்கள்.