பிறர் வசமான சொற்கள் – ‘செல்மா’ திரைப்படம் பற்றிய ஒரு நோக்கு

சொல்வன்மையால் ஒரு மக்கட் கூட்டத்தையே எழுச்சிகொள்ளச் செய்த தலைவர் ஒருவரைப் பற்றிய திரைப்படத்தில் அவருடைய சொற்களே இடம்பெறாமற் போவது விந்தையானது. 2014ஆம் ஆண்டில் ஏவா டுவர்னேயின் நெறியாள்கையில் வெளிவந்த ‘செல்மா’ இத்தகைய நிலையிலேயே உருவாயிற்று. மார்ட்டின் லூதர் கிங்கின் உரைகளுக்கான பதிப்புரிமை அவருடைய குடும்பத்தார் வசம் இருந்தது. திரைப்படத்தில் அவற்றை எடுத்தாளும் உரிமையோ, ஸ்ரீவன் ஸ்பீல்பேர்க் தயாரிக்க எண்ணியிருந்த வேறொரு படத்துக்கென முன்னரே வழங்கப்பட்டிருந்தது. ஆகவே, கிங் ஆற்றுவனவாக வரும் மேடையுரைகளை நெறியாளரே புதிதாக எழுத வேண்டியதாயிற்று. போராட்டக் களத்திற் பிறந்த பேச்சு தனியுடைமையாகிப் பின்னர் சந்தைப் பொருளுமாகிய வரலாறு தனியே ஆராயத்தக்கது.

இவ்விழப்புப் படத்தைப் பாதிக்கவில்லை எனக் கூறுதல் பொருந்தாது. கிங்கின் உரைகள் விவிலிய நடையையும் கறுப்பின மக்களின் தேவாலயப் பிரசங்க மரபையும் ஒருங்கே தழுவியவை. ஒரு தொடரை மீண்டும் மீண்டும் கூறி ஒவ்வொரு முறையும் அதன் பொருளை ஒருபடி உயர்த்திச் செல்வதே அவற்றின் உயிர்நாடி. கேட்போர் இடையிடையே எழுப்பும் மறுமொழியும் உரையின் ஒரு கூறே. டுவர்னே எழுதிய உரைகள் கருத்தளவிற் குறைவற்றனவாயினும் அந்த அலையெழுச்சி அவற்றில் இல்லை. கிங்காக நடித்த டேவிட் ஒயெலோவோ தமது குரலால் இக்குறையைப் பெரிதும் ஈடுசெய்கிறார். எனினும், மொன்ற்கோமரியில் நிகழும் இறுதியுரை, மூலத்தைக் கேட்டறிந்தோருக்கு அதன் நிழலாகவே தோன்றும்.

ஆயின், மேடையை நம்பியிருக்க இயலாமை படத்தை வேறிடங்களுக்குச் செலுத்தியது. அதுவே இதன் பேறு எனலாம். 1964இல் ஒஸ்லோவில் நோபல் பரிசு பெறச் செல்லுமுன் கழுத்துப்பட்டியின் ஆடம்பரம் குறித்துச் சங்கடப்படும் ஒருவரையே முதலிற் காண்கிறோம். பின்னர் ஓர் இரவு, அவதூறு செய்யும் நோக்குடன் அனுப்பப்பட்ட ஒலிநாடாவைக் கேட்டபின், ஏனைய பெண்களை அவர் நேசித்தாரா என மனைவி கொரெற்றா அமைதியாக வினவுகிறார். விடை உடனே வருவதில்லை. சொல்லின் செல்வராகப் போற்றப்படுபவர் சொல்லிழந்து நிற்கும் அவ்விடமே படத்தின் தலைசிறந்த இடமாகும். இடையிடையே கூட்டாட்சிப் புலனாய்வுத்துறையின் கண்காணிப்புக் குறிப்புகள் தட்டச்சு எழுத்தில் திரையில் தோன்றி மறைகின்றன. தலைவரின் சொற்களுக்குத் தடையுண்டு. அவரை வேவு பார்த்தோரின் குறிப்புகளுக்குத் தடையில்லை. இம்முரணை நெறியாளர் உரத்துச் சொல்லவில்லை.

செல்மா அமைந்துள்ள டலஸ் மாவட்டத்தில் வாக்களிக்கும் வயதடைந்த கறுப்பினத்தவருள் ஏறத்தாழ இரண்டு வீதத்தினரே அக்காலத்தில் வாக்காளராகப் பதிவுபெற்றிருந்தனர். காரணத்தை விளக்கப் படத்துக்கு ஒரு காட்சியே போதுமாயிற்று. ஒப்ரா வின்ஃப்றி ஏற்ற அனி லீ கூப்பர் என்னும் பாத்திரம், அரசியலமைப்பின் முகவுரையைப் பிழையின்றி ஒப்புவிக்கிறது. அலபாமாவின் மாவட்ட நீதிபதிகள் 67 பேர் என்றும் விடையிறுக்கிறது. அவர்கள் அனைவரது பெயர்களையும் கூறுமாறு எழுதுவினைஞர் கேட்கிறார். படம் வெளிவருவதற்கு ஓராண்டு முன்னர், 2013இல், அதே மாநிலத்தின் ஷெல்பி மாவட்டம் தொடுத்த வழக்கில், 1965ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டத்தின் முக்கிய ஏற்பாடொன்றை உயர் நீதிமன்றம் செயலிழக்கச் செய்தமை இங்கு நினைவுகூரத்தக்கது.

1965 மார்ச் 7ஆம் திகதி எட்மண்ட் பெற்றஸ் பாலத்தில் ஏறத்தாழ 600 பேர் தாக்கப்பட்டபோது கிங் அங்கு இருக்கவில்லை. கதாநாயகன் இல்லாத அந்நிகழ்ச்சியையே படத்தின் உச்சமாக அமைத்த துணிவு பாராட்டுக்குரியது.

ஜனாதிபதி ஜோன்சனைச் சித்திரித்தவிதம் பெரும் சர்ச்சைக்குள்ளாயிற்று. செல்மாப் போராட்டம் ஜோன்சனின் எண்ணத்திலேயே உதித்தது என அவருடைய முன்னாள் உதவியாளர் ஜோசப் கலிபானோ எழுதியது மிகைக்கூற்றாகும். இருவரும் தொலைபேசியில் இதுபற்றி உரையாடியது 1965 ஜனவரி 15ஆம் திகதி; கிங் செல்மாவின் பிறவுண் தேவாலயத்தில் இயக்கத்தைத் தொடக்கிவைத்தது ஜனவரி 2ஆம் திகதி. எனினும், ஒலிநாடா விவகாரத்தில் ஜோன்சனின் கையிருந்ததாகப் படம் குறிப்பாலுணர்த்துவது நியாயமன்று. அந்நாடா 1964 நவம்பரிலேயே அனுப்பப்பட்டுவிட்டது. தொலைபேசி ஒற்றுக்கேட்புக்கு 1963இல் அனுமதியளித்தவர் அன்றைய சட்டமா அதிபர் றொபேட் கென்னடி. எதிரியை ஓர் ஆளாகச் சுருக்கியதனால், ஆட்சியமைப்பின் பொறுப்பு மங்கிப்போகிறது.

இதனினும் பாரதூரமான குறை வேறொன்றுண்டு. 1963 செப்டெம்பரில் பேர்மிங்ஹாம் தேவாலயக் குண்டுவெடிப்பில் நான்கு சிறுமியர் மாண்டதைப் படம் தொடக்கத்திலேயே காட்டுகிறது. அக்கொலைகளுக்கு விடையாக, அலபாமா முழுவதிலும் வாக்குரிமைக்கான வெகுசனப் போராட்டம் நடத்தும் திட்டத்தை வகுத்தவர்கள் டயான் நாஷும் அவருடைய கணவர் ஜேம்ஸ் பெவலுமே. செல்மாவின் வித்து அதுதான். படத்தில் இருவரும் வருகின்றனர். ஆயினும் குண்டுவெடிப்புக்கும் பாலத்துக்கும் இடையிலான இத்தொடர்பு சொல்லப்படவேயில்லை. நாஷ் பெரும்பாலும் ஆடவர் ஆலோசிக்கும் அறையில் உடனிருப்பவராகவே காணப்படுகிறார்.