நேர்கோட்டில் பிறந்த வளைவு

இடுப்பு ஒடுங்கிய பிரம்பு மோடாவைத் தள்ளி நின்று பார்த்தால் அதன் ஓரம் வழவழவென்று உள்வாங்கி வெளியே விரிகிறது. கிட்டே போய்ப் பார்த்தால் பக்கக் குச்சிகளில் வளைந்தது என்று ஒன்றுகூட இல்லை. ஒரு வரிசை வலப்பக்கம் சாய்ந்து போகிறது, மற்றது இடப்பக்கம். இரண்டும் சேர்ந்து, யாரும் வளைக்காத ஒரு வளைவைக் காட்டுகின்றன. முடைந்தவர் கணிதம் படித்திருக்கவேண்டியதில்லை. ஆனால் அவர் கையில் உருவானது, கணிதத்தில் எனக்கு மிகப் பிடித்த பரப்பு: அதிபரவளையத்தை அதன் துணையச்சைச் சுற்றிச் சுழற்றினால் கிடைப்பது.

இருபடிப் பரப்புகள் என்பது ஒரு சிறு குடும்பம். மூன்று மாறிகள், எந்த உறுப்பும் இரண்டாம் படியைத் தாண்டக்கூடாது, அவ்வளவுதான் நிபந்தனை. கோளம், நீள்வட்டத்திண்மம், கூம்பு, உருளை, கிண்ண வடிவப் பரவளையப் பரப்பு, சேணப் பரப்பு, இரண்டு துண்டாகப் பிரிந்து நிற்கும் அதிபரவளையப் பரப்பு, ஒரே துண்டாக இருக்கும் நம் மோடா என்று ஏறக்குறைய விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆர்க்கிமிடீஸ் இவற்றில் சிலவற்றின் கனஅளவைக் கண்டவர். ஆனால் கூம்புருக்களையும் கோளுருக்களையும் பற்றிய அவருடைய நூலில் இந்த ஒற்றைத் துண்டுப் பரப்பு வரவில்லை. முழுக் குடும்பத்தையும் சமன்பாட்டின் வழியே வகைபிரித்தவர் யூலர், 1748-ல் வெளியான நூலின் பிற்சேர்க்கையில். வகைபிரிப்பது எனக்கு அவ்வளவாக ருசிக்காத வேலை. ருசி வேறு இடத்தில் இருக்கிறது.

கிறிஸ்டோபர் ரென் லண்டனின் செயின்ட் பால் தேவாலயத்தைக் கட்டியவர் என்று தெரியும். அதற்கு முன் அவர் வானியல் பேராசிரியர். 1669-ல் ராயல் சொசைட்டியின் இதழில், நேர்கோடு ஒன்றை ஓர் அச்சுக்குச் சாய்வாக, அதைத் தொடாமல் வைத்துச் சுழற்றினால் இந்தப் பரப்பு கிடைக்கும் என்று எழுதினார். அவருக்கு வேண்டியிருந்தது கண்ணாடி வில்லை. அதிபரவளைய வடிவில் வில்லையைத் தேய்ப்பது கடினம். ஆனால் நேரான விளிம்புள்ள கருவியைச் சாய்த்துப் பிடித்தால், சுழற்சியே வளைவை உண்டாக்கிவிடும். தொலைநோக்கிக்காக அலைந்த இடத்தில் ஒரு தேற்றம் கிடைத்தது.

படம் பார்த்து வியப்பது ஒரு சுகம். ஆனால் இந்தப் பரப்பின் முழு அழகும் இயற்கணிதத்தில்தான் இருக்கிறது என்பேன். எட்டாம் வகுப்புக் கணக்குக்கு மேல் எதுவும் தேவையில்லை. முப்பரிமாண வெளியில் ஒரு புள்ளியின் மூன்று ஆயங்களை க, ச, த என்று வைத்துக்கொள்வோம். எளிய அளவில் நம் பரப்பின் சமன்பாடு இது:

க² + ச² − த² = 1

ச²-ஐ வலப்பக்கம் கொண்டுபோனால் க² − த² = 1 − ச². இரண்டு பக்கமும் வர்க்க வித்தியாசம். காரணிப்படுத்தினால்:

(க − த)(க + த) = (1 − ச)(1 + ச)

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். ம என்று ஏதாவது ஓர் எண்ணை எடுத்துக்கொண்டு, க − த = ம(1 − ச) என்றும், ம(க + த) = 1 + ச என்றும் எழுதிப் பாருங்கள். இரண்டையும் பெருக்கினால் ம அடிபட்டுப்போய்ப் பழைய சமன்பாடே வரும். ஆனால் தனித்தனியாக இரண்டும் முதற்படிச் சமன்பாடுகள், அதாவது தளங்கள். இரண்டு தளங்கள் வெட்டிக்கொள்ளும் இடம் நேர்கோடு. ஆக அந்த முழு நேர்கோடும் பரப்பின்மேல் கிடக்கிறது. ம-வை மாற்ற மாற்ற வேறு வேறு கோடுகள். ஒரு வரிசை முழுவதும் கிடைத்துவிட்டது. வலப்பக்கக் காரணிகளை இடம் மாற்றிப் போட்டு அதையே திரும்பச் செய்தால் மறு வரிசை. மோடாவின் வலச்சாய்வும் இடச்சாய்வும், 1 − ச, 1 + ச என்ற இரண்டு காரணிகளில் எதை எதோடு சேர்ப்பது என்ற தேர்வுதான். இவ்வளவு சிக்கனமான நிரூபணத்தை நான் அதிகம் கண்டதில்லை.

இரண்டு வரிசைகளுக்கும் ஒழுக்கம் உண்டு. ஒரே வரிசைக் கோடுகள் ஒன்றையொன்று வெட்டுவதில்லை, இணையாகவும் இருப்பதில்லை. எதிர் வரிசைக் கோட்டை மட்டும் வெட்டும், அல்லது அதற்கு இணையாக ஓடும். பரப்பை எந்தப் புள்ளியில் தொட்டுத் தளம் ஒன்றை வைத்தாலும், அது கோளத்தைப் போல் புள்ளியோடு நின்றுவிடாமல் இரண்டு கோடுகளில் பரப்பை அறுக்கிறது. தளத்தைத் தவிர, ஒவ்வொரு புள்ளியிலும் இப்படி இரண்டு நேர்கோடுகள் உள்ள பரப்புகள் இரண்டே வகை: இதுவும் சேணப் பரப்பும்.

இதிலிருந்து ஒரு நல்ல விடை கிடைக்கிறது. வெளியில் இஷ்டத்துக்கு நான்கு கோடுகளை நீட்டிவையுங்கள். நான்கையும் தொட்டுப்போகும் கோடுகள் எத்தனை? முதல் மூன்றையும் தொடும் கோடுகளெல்லாம் சேர்ந்து ஓர் இருபடிப் பரப்பாகின்றன. நான்காம் கோடு அதைக் குத்துவது இருபடிச் சமன்பாட்டின் தீர்வு. அதனால் பொதுவாக இரண்டு இடங்கள். விடை இரண்டு, சில வேளை மெய்யெண்களில் அகப்படாமல் ஒளிந்திருக்கும்.

பாரிஸில் கணிதர் மோன்ஷின் மாணவர் தியோடோர் ஒலிவியே பித்தளைச் சட்டங்களில் நூல் கட்டி இந்தப் பரப்புகளுக்கு மாதிரிகள் செய்தார். மேல் வளையத்தைத் திருகினால் உருளை இடுப்பு ஒடுங்கி அதிபரவளையப் பரப்பாகும், இன்னும் திருகினால் கூம்பாகும். அழகுதான். ஆனால் என் மனம் போவது 1873-ல் லண்டனில் கணிதர் ஓலாஸ் ஹென்றிசி சொல்லி, மாணவர் ஒருவர் குச்சியில் செய்த மாதிரிக்கு. இரண்டு வரிசைக் குச்சிகளும் சந்திக்கும் ஒவ்வொரு இடத்திலும் கட்டுப் போட்டார்கள். இத்தனை கட்டுப் போட்டால் அசையாமல் விறைத்து நிற்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள், ஹென்றிசியும் நினைத்தார். அது அசைந்தது. எந்தக் குச்சியும் வளையவில்லை, எந்தக் கட்டும் நழுவவில்லை. ஆனாலும் பரப்பு முழுவதும் ஒடுங்கி விரிந்து, ஒவ்வொரு நிலையிலும் இன்னோர் அதிபரவளையப் பரப்பாகவே இருந்தது. இடுப்பு நீள்வட்டமாக உள்ள மாதிரியை ஒரு பக்கம் முழுக்கத் தட்டையாக்கினால் குச்சிகள் ஒரு நீள்வட்டத்தின் தொடுகோடுகளாகப் படுத்துவிடும். மறுபக்கம் தட்டையாக்கினால் ஓர் அதிபரவளையத்தின் தொடுகோடுகளாக. ஹில்பெர்ட்டும் கோன்-ஃபோசெனும் 1932-ல் எழுதிய வடிவியல் நூலில் இந்த மாதிரிக்கு இடம் கொடுத்தார்கள்.

பொறியாளர்களில் இதை ரசித்துக் கட்டியவர் ருஷ்யாவின் விளாதிமிர் ஷுகோவ். 1896-ல் நீஷ்னி நோவ்கோரத் கண்காட்சியில் நேரான இரும்புப் பட்டைகளைச் சாய்த்து நிறுத்தி ஒரு தண்ணீர்த் தொட்டிக் கோபுரம் எழுப்பினார். 1922-ல் மாஸ்கோவில் முடிந்த ஷபோலோவ்கா வானொலிக் கோபுரம், அதேமாதிரி ஆறு அடுக்குகள். மேல் அடுக்குகளைக் கீழ் அடுக்குக்குள்ளேயே கூட்டி உயரத் தூக்கிவைத்தார்கள், வெளியே சாரம் கட்டாமல். அனல் மின் நிலையங்களின் பெரிய குளிரூட்டும் கோபுரங்களும் இதே குடும்ப வடிவம்தான். ஆனால் கான்கிரீட் சுவரில் கோடுகள் கண்ணுக்குத் தெரிவதில்லை. என் ஓட்டு ஷுகோவுக்கு.

மறுபடி சமன்பாட்டுக்கு வருவோம். கோளத்தில் நேர்கோடே இல்லையா? சமன்பாட்டைக் கேட்டால் இருக்கிறது என்கிறது. க² + ச² = (1 − த)(1 + த); இடப்பக்கத்தைக் கலப்பெண்களில் காரணிப்படுத்தலாம். உடனே கோளத்தின் மேலும் இரண்டு வரிசைக் கோடுகள் முளைக்கின்றன, கண்ணுக்குத்தான் தெரியாது. முடிவிலிப் புள்ளிகளையும் சேர்த்துக்கொண்டு கலப்பெண்களில் பார்த்தால் சிதையாத இருபடிப் பரப்புகள் எல்லாம் ஒன்றே.

தமிழ்நாட்டுப் பன்னிரண்டாம் வகுப்புக் கணிதப் புத்தகத்தில் அணு உலைக் குளிரூட்டும் கோபுரம் பற்றிய கணக்கு ஒன்று வருகிறது. குறுக்குவெட்டு அதிபரவளையம், சமன்பாட்டில் 30², 44², கோபுர உயரம் 150 மீட்டர். மேல் விட்டமும் அடி விட்டமும் காண வேண்டும். விடை வந்ததும் பிள்ளைகள் பக்கத்தைத் திருப்பிவிடுகிறார்கள். ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: இன்னும் ஐந்து நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள். கோபுரத்தின் இடுப்பில், நமக்கு நேர் எதிரே உள்ள புள்ளியிலிருந்து 44 மீட்டர் ஏறும்போது 30 மீட்டர் பக்கவாட்டில் போகும்படி நேர்கோடு ஒன்றை வரையச் சொல்லுங்கள். அது கோபுரச் சுவரை விட்டு விலகவே விலகாது. முன்னால் நின்று பார்க்கும்போது அது விழுவது, அதே அதிபரவளையத்துக்கு வகுப்பில் வரையும் தொலைத்தொடுகோட்டின் மேல்.