நஸ்ரீன் முஹம்மதியின் கோடுகள்: ஒரு வாசிப்பு

சென்ற ஷஅபான் விடுமுறையில் கொல்லிமலையின் செம்மேட்டுக்கு அருகே சில நாள் தங்கியிருந்தோம். எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலேறுகையில் நம் பையில் ஒரு கண்காட்சி நூல் இருந்தது. டில்லியில் பணிபுரியும் பழைய மாணவர் ஒருவர் அனுப்பிய அந்நூல் முழுவதும் நஸ்ரீன் முஹம்மதியின் கோட்டோவியங்கள். முதல் நாள் அது நமக்கு வசப்படவில்லை என்பதை மறைப்பதற்கில்லை. வெள்ளைத் தாள், மையும் பென்சிலும் கொண்டு இழுத்த கோடுகள், தலைப்பில்லை, பெரும்பாலானவற்றில் தேதியுமில்லை. இதைப் பாராட்டுவோர் எதைக் கண்டு பாராட்டுகின்றனர் என்றே எண்ணினோம்.

மறுநாள் ஃபஜ்ருக்குப் பின் வெளியே நின்றபோது எதிர்ச்சரிவில் பனி மெல்ல விலகிக்கொண்டிருந்தது. மண்ணும் பயிரும் இன்னும் கண்ணுக்குப் புலப்படவில்லை. படிப்படியான வயல்களின் வரப்புகள் மட்டும் தெரிந்தன: ஓரிடத்தில் நெருங்கி, ஓரிடத்தில் அகன்று, மற்றோரிடத்தில் பனிக்குள் அறுபட்டு. அறைக்குத் திரும்பி நூலை மீண்டும் திறந்தோம்.

நஸ்ரீன் 1937இல் கராச்சியில் பிறந்து பம்பாயில் வளர்ந்தவர். 1954 முதல் 1957 வரை லண்டன் செயின்ட் மார்ட்டின்ஸ் கலைப்பள்ளியிலும், 1960களின் தொடக்கத்தில் பாரிஸிலும் பயின்றார். பம்பாயில் அரூப ஓவியர் வி. எஸ். காய்தோண்டேயின் நட்பும் வழிகாட்டலும் அவருக்குக் கிட்டின. தந்தையார் தொழில் நடத்திய பஹ்ரைனின் பாலைவெளியும், கொங்கணக் கரையிலுள்ள கிஹிம் கிராமத்தின் கடலோரமும் அவர் கண்ணில் நிலைத்தவை. 1972 முதல் பரோடா மஹாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகத்தின் நுண்கலைப் புலத்தில் ஆசிரியராக இருந்தார். 1990இல் கிஹிமில் காலமானார்.

அவருடைய 1960களின் படைப்புகளில் மையின் கரைவும், கிளை போன்ற, நீரலை போன்ற சாயல்களும் உண்டு. 1970களில் அவையெல்லாம் உதிர்ந்தன. கட்டட வரைவாளர் கையாளும் மேசையும் அளவுகோலும் நுனி நுண்ணிய பேனாவுமே எஞ்சின. ஆயினும் அக்கோடுகள் வெறும் மனக்கணக்கில் பிறந்தவை அல்ல. அவர் எடுத்த புகைப்படங்களைக் காண்போர் இதை உணர்வர். தறியில் இழுத்துக் கட்டிய பாவு நூல்கள், சாலையின் வெள்ளைப் பட்டைகள், கடல் பின்வாங்கிய மணல், ஃபதேபூர் சிக்ரியின் கல்தளம் ஆகியவற்றை அவர் படமெடுத்தார்; தம் வாழ்நாளில் அவற்றைக் காட்சிக்கு வைக்கவில்லை. உலகைப் பார்த்துப் பார்த்து, அதிலிருந்து எடுக்கக்கூடியதை எல்லாம் எடுத்துவிட்ட பின் நின்றதே அவர் கோடு.

இவ்விடத்தில் நம்மவர் இருவேறு தவறுகளுக்கு ஆளாவதுண்டு. உருவமில்லாததால் இது கலையே அன்று என்று தள்ளுவது ஒன்று. பெயர் முஸ்லிம் பெயர், படத்தில் உருவமில்லை, ஆகவே இது இஸ்லாமியக் கலை என்று உரிமை கொண்டாடுவது மற்றொன்று. இரண்டாவதே நமக்கு அதிகம் கவலை தருகிறது. பாராட்டு என்ற பெயரில் அது பார்ப்பதையே நிறுத்திவிடுகிறது. அல்ஹம்ராவின் சுவர்களில் காணும் வடிவக் கணிதம் ஒழுங்காக மீண்டும் மீண்டும் வந்து, சமன் கொண்டு, எத்திசையிலும் அமைதியாகப் பெருகுவது. நஸ்ரீனின் கோடு அவ்வாறு பெருகுவதில்லை. சீராக வந்த இடைவெளி திடீரெனக் குறுகும். குறுக்கே ஒரு சாய்வு வந்து மொத்தத்தையும் ஒரு பக்கம் இழுக்கும். பிந்திய தாள்களில் சில சாய்கோடுகள் எதிலும் ஊன்றாமல் வெள்ளையில் மிதக்கும். அங்கே அலங்காரம் இல்லை. பதற்றமும் அப்பதற்றத்தை அடக்கும் ஒழுங்குமே உள்ளன.

அவ்வாறாயின் அரபு மத்ரஸாவில் காலம் கழித்த நமக்கு இதில் பேச என்ன இருக்கிறது? கோட்டைப் படிக்கும் கண் நமக்கு அந்நியமானதன்று. இப்னு மஸ்ஊத் (ரலி) அறிவிக்க புகாரீயின் கிதாபுர் ரிகாக்கில் இடம்பெறும் ஹதீஸை மாணவர்க்கு ஆண்டுதோறும் நடத்துகிறோம். நபி (ஸல்) அவர்கள் ஒரு சதுரம் வரைந்தார்கள். நடுவே தொடங்கி அதற்கு வெளியே நீளும் ஒரு கோட்டை இழுத்தார்கள். அதன் பக்கத்தில் சிறு கோடுகளையும் இட்டார்கள். சூழ்ந்திருக்கும் சதுரம் மனிதனின் அஜல், வெளியே நீள்வது அவனது ஆசை, சிறு கோடுகள் அவனைத் தீண்டும் இடர்கள் என விளக்கினார்கள். ஃபத்ஹுல் பாரீயில் இப்னு ஹஜர் இக்கோட்டுருவின் வெவ்வேறு அமைப்புகளையும் வரைந்து காட்டுகிறார். நஸ்ரீன் இதை எண்ணி வரைந்தார் என்று நாம் சொல்லவில்லை. சட்டத்தை மீறி நீளும் ஒரு கோடு மனித வாழ்வைச் சுமக்க வல்லது என்பதை ஏற்கெனவே கற்றவர்கள், இத்தாள்களின் முன் ‘ஒன்றுமில்லை’ என்று கூற இயலாது என்கிறோம்.

பிற்காலத்தில் உடலசைவைக் கட்டுப்படுத்தும் ஆற்றலை மெல்லப் பறிக்கும் நரம்பு நோய் நஸ்ரீனைப் பற்றியது. அப்போதும் துல்லியமான கோடுகளை வரைந்தார். எழுத்துக்குப் புள்ளியால் அளவு வகுத்த இப்னு முக்லா, வலக்கை துண்டிக்கப்பட்ட பின் முன்கையில் கலத்தைக் கட்டி எழுதினார் என வரலாற்றாசிரியர் கூறுவது நினைவில் எழுகிறது. எனினும் நோயைக் கொண்டு ஓவியத்தை எடைபோடும் விமர்சனத்தை நாம் ஏற்பதில்லை. நோய்ச் செய்தியை அறியாதவரையும் அந்தச் சாய்கோடுகள் நிறுத்தவே செய்கின்றன.

2007இல் ஜெர்மனியின் காசல் நகரில் நடந்த டாக்குமெண்டா, 2016இல் நியூயார்க்கில் மெட் பிராயர் அரங்கின் தொடக்கக் கண்காட்சி என உலகம் அவரைத் தாமதமாகவே கண்டுகொண்டது. அமெரிக்க ஓவியர் ஆக்னஸ் மார்ட்டினுடன் அவரை ஒப்பிடுவது இப்போது வழக்கம். மார்ட்டினின் கட்டங்கள் சாந்தமாக அமர்ந்திருப்பவை. நஸ்ரீனுடையவை புறப்படத் துடிப்பவை. ஒப்பீடு அவ்வளவு தூரமே செல்லும்.

நம் கையிலிருந்த நூலின் மீது ஒரு குறை உண்டு. பளபளப்பான தாளில் மைக்கோடுகள் எடுப்பாகத் தெரிய, அவற்றினூடே செல்லும் பென்சில் கோடுகள் பெரும்பாலும் அழிந்துபோயிருந்தன. மலையிலிருந்து இறங்கும் நாள் காலையில் ஒரு பக்கத்தைச் சன்னலோரம் சாய்த்துப் பிடித்தோம். அதுவரை வெறுமை என்று நாம் கருதியிருந்த வலப்பக்க வெள்ளையில், மூன்று மெல்லிய கோடுகள் தாளின் விளிம்பை நோக்கிச் சென்றுகொண்டிருந்தன.